கல்வரிகளைக் கீழிருந்து படித்தல்

கருவறையில் வழிபட்டு முடித்து வெளியே வந்ததும் நேராகச் சுவர் மாடங்களான தேவகோட்டங்களைப் பார்க்கப் போய்விடாதீர்கள். விமானத்தின் தென்மேற்கு மூலைக்குப் போய், சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஒருசேரத் தெரியும். இப்போது பார்வையைத் தரைக்கு இறக்குங்கள். கல்லில் நீளவாட்டில் ஓடும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். ஒன்று தட்டையாக, ஒன்று உருண்டையாக, ஒன்று உள்ளே ஒடுங்கி, ஒன்று வெளியே நீண்டு, மூலையில் மடிந்து, கோயிலையே சுற்றி வருகின்றன. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வரிகளைப் பற்றியதுதான்.

கோயிலில் எதை நம்பிக் காலத்தைக் கணிப்பது என்று கேட்டால், என் பதில் இந்த வரிகள்தான். கோபுரத்துச் சுதையுருவங்களுக்குக் குடமுழுக்குக்குக் குடமுழுக்குப் புது வண்ணம் ஏறுகிறது. கோட்டத்துச் சிற்பம் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்ததாக இருக்கலாம். விமானத்தின் மேல்தளங்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக இருந்தால் பலமுறை திருத்திக் கட்டியிருப்பார்கள். அடிவரிகளை மாற்ற வேண்டுமென்றால் முழுக் கட்டடத்தையும் பிரித்தாக வேண்டும். அதனால் கட்டிய நாளின் கை பெரும்பாலும் அங்கேதான் அப்படியே நிற்கிறது.

இந்த அடிவரிகளின் தொகுதிக்கு அதிட்டானம் என்று பெயர். கல்வெட்டு, கட்டடக்கலை ஆய்வாளர்கள் தாங்குதளம் என்று எழுதுவார்கள். பெரிய கோயில்களில் இதற்கும் கீழே உபபீடம் என்று இன்னொரு தளம் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டும் உண்டு. உபபீடம் இருந்தால் கட்டடம் உயர்ந்து தெரியும். வரிகளைப் படிக்கத் தொடங்க வேண்டியது அதற்கு மேலுள்ள அதிட்டானத்திலிருந்து.

கீழிருந்து போவோம். தரையை ஒட்டி, மற்ற எல்லாவற்றையும்விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான வரி உபானம். அதன்மேல் உயரமாக, செங்குத்தாக எழும் பட்டையான வரி ஜகதி. சில கோயில்களில் இது தாமரை இதழ்களாக விரிந்து வளைந்திருக்கும், அதைப் பதும ஜகதி என்பார்கள். ஜகதிக்கு மேல் குமுதம். அதிட்டானத்தில் கண்ணுக்கு முதலில் படும் வரி இதுதான், ஒரு பெரிய உலக்கையைப் படுக்கவைத்தாற்போல் நீண்டு கிடக்கும். முழுக்க உருண்டிருந்தால் உருள்குமுதம் அல்லது விருத்த குமுதம். எண்கோணத்தின் முகங்கள்போலப் பட்டை பட்டையாகச் செதுக்கியிருந்தால் எண்பட்டைக் குமுதம்.

குமுதத்துக்கு மேலே கல் சட்டென்று உள்ளே ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கம் கண்டம். அதன் கீழும் மேலும் மெல்லிய கம்புகள் ஓடும். கண்டத்தில் இடைவெளி விட்டுச் சிறிய குட்டைத் தூண்கள்போலப் பாதங்கள் நிற்கும். கண்டத்துக்கு மேலே மறுபடி வெளியே நீண்டு வரும் பட்டையான வரி பட்டிகை. இதோடு அதிட்டானம் முடிகிறது. சில கோயில்களில் பட்டிகைக்கும் சுவருக்கும் நடுவே வேதிகண்டம் என்று இன்னொரு ஒடுக்கமும் வரும்.

பட்டிகை எங்கே இருக்கிறதோ, பொதுவாக அந்த மட்டத்தில்தான் கருவறையின் தரை இருக்கிறது. இதை உறுதி செய்துகொள்ள வடக்குப் பக்கம் போங்கள். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகம் அங்கே, அதிட்டானத்தின் மேல்வரிகளில்தான், நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தரையில் விழுந்த நீர் அதே மட்டத்தில் வெளியே வருகிறது. ஆக, நீங்கள் வெளியில் பார்க்கும் வரிகளின் உயரம்தான் இறைவன் நம் நிலத்திலிருந்து எவ்வளவு உயர்ந்து வீற்றிருக்கிறார் என்பதற்கான அளவு. கருவறைக்குள் கால்வைக்க முடியாத நமக்கு, உள்ளிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லித் தருவது இந்த வரி.

வரிகள் அடுக்கப்பட்ட முறையை வைத்து அதிட்டானத்துக்கு வகை சொல்கிறார்கள். மயமதம் என்னும் சிற்ப நூல் பதினான்கு வகைகளைப் பட்டியலிடுகிறது. ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பவருக்கு மூன்று தெரிந்தால் போதும். எண்பட்டைக் குமுதமும் கண்டமும் பட்டிகையுமாக, மேலே நான் சொன்ன வரிசையில் அமைந்திருந்தால் பாதபந்தம். சிறிய கோயில்களில், குறிப்பாகத் திருச்சுற்று மண்டபங்களில், அதிகம் கண்ணில் படுவது இதுதான். உருள்குமுதத்துக்கு மேல் பட்டிகைக்குப் பதிலாக யாளித்தலைகள் வரிசையாக ஓடினால் பிரதிபந்தம். கண்டத்துக்கு மேல் பட்டிகையின் இடத்தில் கூரையின் முன்விளிம்புபோல வளைந்த கபோதம் வந்தால் கபோதபந்தம். வகையை வைத்துக்கொண்டு உடனே காலம் சொல்லிவிடக் கூடாது. பாதபந்தமும் பிரதிபந்தமும் பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தவை. ஒரே கோயிலில் விமானத்துக்குப் பிரதிபந்தமும் முன்மண்டபத்துக்குப் பாதபந்தமும் இருந்தால், இரண்டும் வேறு வேறு காலத்தவையா என்று கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு விடை வேறு சான்றுகளிலிருந்துதான் வர வேண்டும்.

யாளிவரியிடம் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அது நன்றாகத் தெரியும். பிதுங்கிய கண்ணும் சுருண்ட பிடரியுமாக யாளிகள் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. சிலவற்றின்மேல் வீரர்கள் ஏறி அமர்ந்திருக்கிறார்கள். மூலைக்கு வந்ததும் வரி அப்படியே திரும்பிவிடுவதில்லை. அங்கே ஒரு மகரத்தலை வெளியே நீண்டு வாயைப் பிளக்கிறது. பிளந்த வாய்க்குள் ஒரு வீரன் நிற்கிறான். உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய அளவுள்ள அந்த உருவத்துக்கு முகமும் உடலின் முறுக்கும் உண்டு. ஒரு கருங்கல் மூலை வெட்டென்று முடிந்துவிடாமல் இருக்க அந்தச் சிற்பி எடுத்துக்கொண்ட சிரமத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

யாளிகள் ஏன் அந்த இடத்தில் வந்தன? மரத்தில் கட்டிய காலத்தின் நினைவு அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மரத்தளத்தைத் தாங்கும் விட்டங்களின் முனைகள் சுவருக்கு வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளே கல்லில் யாளித்தலைகளாயின. கபோதம் ஓலைக்கூரையின் இறவாரத்திலிருந்து வந்தது. கபோதத்தின்மேல் இடைவிட்டு வரும் குதிரைலாட வடிவக் கூடுகள் மரக்கூரையின் சாளர முகப்பிலிருந்து வந்தவை. இந்த நினைவோடு பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் அதன் இடத்தில் இருக்க ஒரு காரணம் தெரியத் தொடங்கும்.

சுவருக்கு மேலே இன்னொரு வரித்தொகுதி இருக்கிறது. அதைப் பிரஸ்தரம் அல்லது கூரையுறுப்புகள் என்பார்கள். அரைத்தூண்களின் தலையில் போதிகை, அதன்மேல் உத்திரம், வாஜனம், வலபி, கபோதம், கடைசியில் பூமிதேசம். வலபியில்தான் பூதவரி இருக்கும். குட்டையான, வயிறு பருத்த பூதகணங்கள் ஆடிக்கொண்டும் வாத்தியம் வாசித்துக்கொண்டும் வரிசையாக வருவார்கள். சில கோயில்களில் பூதங்களுக்குப் பதில் அன்னங்கள். கழுத்து வலிக்கும், ஆனாலும் அண்ணாந்து பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் நேராகப் பூதவரியின் கீழ் நிறுத்துங்கள். எந்தப் பூதம் குழல் ஊதுகிறது, எது நாக்கை நீட்டுகிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

கபோதத்துக்கு வேலையும் இருக்கிறது. மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்வது அதன் வளைந்த விளிம்புதான். நாயக்கர் காலத்தில் இந்த விளிம்பையே மெல்லிய கொடுங்கையாக நீட்டி, அதன் அடியில் மரச்சட்டங்களும் ஆணிகளும் இருப்பதுபோலக் கல்லிலேயே செதுக்கினார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

காலம் கணிக்க மேல்வரிகளில் இரண்டு இடங்கள் உதவும். முதலாவது, கூட்டின் உச்சி. பல்லவர் காலக் கூடுகளின் உச்சி மண்வெட்டியின் தகடுபோல அகன்றிருக்கும். சோழர் காலத்தில் அந்த இடத்தில் சிம்மமுகம் வந்துவிடுகிறது. இரண்டாவது, போதிகை. பல்லவர் காலத்திலும் முற்சோழர் காலத்திலும் அலையலையாகத் தரங்கம் செதுக்கிய வளைந்த போதிகையைக் காணலாம். பிறகு சாய்வாக வெட்டிய போதிகை, அதன் நடுவில் முன்னே நீண்ட மதலை என்று மாறி, விஜயநகர காலத்தில் தலைகீழான பூமொட்டுத் தொங்கும் போதிகையாக முடிகிறது. இந்த இரண்டையும் அடிவரிகளோடு சேர்த்துப் பார்த்தால் பெரிய தவறு நேராது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அடிவரிகள் நேர்க்கோடாக ஓடுவதில்லை. மூலையில் வெளியே வந்து, அடுத்து உள்ளே போய், நடுவில் மறுபடி வெளியே பிதுங்கும். கீழே உபானத்தில் தொடங்கும் இந்த மடிப்பு சுவரிலும் கபோதத்திலும் அப்படியே தொடர்ந்து மேல்தளத்துக்குப் போகிறது. இப்படிப் பிதுங்கும் பகுதிகள்தான் பத்திகள். மூலைப் பத்திக்கு நேர்மேலே தளத்தில் கர்ணகூடம் என்ற சிறு கோயில்வடிவம் ஒன்று இருக்கும். நடுப்பத்திக்கு நேர்மேலே சாலை என்ற நீளமான கோயில்வடிவம் இருக்கும். மேலே பார்க்காமல், கீழே உபானத்தின் மடிப்புகளை மட்டும் எண்ணிவிட்டு மேலே எத்தனை கூடம், எத்தனை சாலை இருக்கும் என்று முதலில் சொல்லிப் பழகுங்கள். ஒருதளக் கோயில்களுக்கு உயரக் கணக்கும் இருக்கிறது. மொத்த உயரத்தை எட்டுப் பங்காக்கினால் அதிட்டானத்துக்கு 1, சுவருக்கு 2, பிரஸ்தரத்துக்கு 1, கழுத்துக்கு 1, சிகரத்துக்கு 2, கலசத்துக்கு 1. சிற்ப நூல்கள் சொல்லும் விகிதம் இது. கட்டிய கோயில்கள் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் அடிவரிகள் நின்ற உயரத்தை ஓர் அளவாக எடுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கட்டடத்தின் ஒழுங்கு பிடிபடும்.

பெரும்பாலான நம் கோயில்களில் இந்தக் கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. ஒரு வரி என்பது பெரும்பாலும் ஓர் அடுக்குக் கல். உபானம் ஓர் அடுக்கு, ஜகதி ஓர் அடுக்கு, குமுதம் ஓர் அடுக்கு. படுக்கைவாட்டில் வரும் இணைப்புகள் வரிகளின் ஓரத்தில் விழுந்து நிழலில் மறைந்துவிடுகின்றன. நெடுக்குவாட்டு இணைப்புகளைத் தேடினால் கண்டுபிடிக்கலாம், அவற்றைத் தேடத்தான் வேண்டும். ஏனென்றால் கல்வெட்டு எழுத்துகளும் செதுக்கு வேலையும் அந்த இணைப்பைத் தாண்டி இடையறாமல் ஓடினால், கற்களை அடுக்கி முடித்த பிறகே உளி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். எழுத்து பாதியில் அறுந்து, அடுத்த கல்லில் வேறு ஏதோ வாசகம் தொடங்கினால், அந்தக் கல் இடம்மாறியிருக்கிறது. பிற்காலத் திருப்பணியில் பிரித்து அடுக்கியபோது வரிசை தவறியிருக்கிறது, அல்லது வேறொரு கட்டடத்தின் கல் வந்து சேர்ந்திருக்கிறது. குமுதத்தின் வளைவு ஒரு கல்லில் தடித்தும் பக்கத்துக் கல்லில் மெலிந்தும் இருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

கல்வெட்டுகளுக்கு இந்த வரிகளே ஏடு. ஜகதியும் குமுதமும் பட்டிகையும் நீண்ட தாள்கள்போலக் கிடைத்தபோது அவற்றில் எழுதாமல் விடுவார்களா? 1010-இல் நிறைவு பெற்ற தஞ்சைக் கோயிலில், தானும் தன் தமக்கை குந்தவையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்ன சோழ மன்னன் இராசராசனின் ஆணை விமானத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, எடையோடு பதிந்திருக்கிறார்கள். உருள்குமுதத்தின் வளைவிலும் எழுத்து ஒழுங்காக ஓடுகிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் 919, 921 ஆண்டுகளில் சோழ மன்னன் பராந்தகன் காலத்தில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளும் மண்டபத்தின் அடித்தளத்தில்தான் உள்ளன. யார் போட்டியிடலாம், யார் கூடாது, ஓலையை எப்படி எடுப்பது என்று ஓர் ஊர்ச்சபை தனக்கு வகுத்துக்கொண்ட முறை, வருவோர் போவோர் கண்ணுக்குப் படும்படி சுவரடியில் இருந்தது. திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கற்கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, பழைய கல்வெட்டுகளைப் புதுக்கல்லில் திரும்ப எழுத வைத்தார். அதனால் ஒரு வரியில் பழைய மன்னனின் ஆண்டு இருந்தால், அந்தக் கல்லும் அவன் காலத்தது என்று அவசரப்படக் கூடாது.

பழைய எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். கிரந்த எழுத்தில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று இருக்கும் இடம்தான் பெரும்பாலும் கல்வெட்டின் தொடக்கம். அந்த இரண்டு சொற்களின் வடிவத்தை ஒரு புத்தகத்திலிருந்து பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காக மாவையோ சாக்பீஸையோ பூசாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்தால் போதும், பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். மைப்படி எடுப்பது அனுமதி பெற்ற கல்வெட்டாய்வாளர்களின் வேலை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முக்காலி வைத்துப் படமெடுக்கவும் முன்னனுமதி வேண்டும்.

வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வரிகள் நிழலுக்காகவே செய்தவை. குமுதத்தின் வளைவு ஒளியிலிருந்து மெல்ல இருட்டுக்கு இறங்குகிறது. கண்டம் உச்சிவெயிலிலும் கறுப்புக் கோடாக நிற்கிறது. ஆனால் நுண்ணிய செதுக்கலைப் பார்க்கச் சாய்வெயில் வேண்டும். கிழக்குச் சுவருக்குக் காலை, மேற்குச் சுவருக்கு மாலை. தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதக் காலைகளே சிறந்தவை, கதிர் தென்கிழக்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு வரும். வடக்குச் சுவர் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் நிழலிலேயே இருக்கும். ஆனி, ஆடியில் காலையிலும் மாலையிலும் அதன்மேல் சாய்வெயில் விழும். வடக்குக் கோட்டத்துத் துர்க்கையையும் அதன் கீழுள்ள வரிகளையும் படமெடுக்க நினைப்பவர்கள் அந்த மாதங்களில் போகலாம்.

எல்லா வரியும் கருங்கல் என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்தது. கட்டடம் மணற்கல். ஆனால் அதிட்டானத்தின் கீழடுக்கிலும் மேலடுக்கிலும் கருங்கல் பலகைகள் ஓடுகின்றன. ஈரம் ஏறும் இடத்திலும் சுவரின் சுமை இறங்கும் இடத்திலும் உறுதியான கல்லை வைத்திருக்கிறார்கள். மணற்கல் அரித்துச் சுதை பூசிக் கிடக்க, கருங்கல் வரியில் வெட்டிய எழுத்து இன்னும் கூராக இருக்கிறது. கையால் தொடாமல், கண்ணால் மட்டும் இரண்டு கல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் போகும் கோயிலில் ஜகதியோ உபானமோ கண்ணில் படாமல் போகலாம். கவலைக்குரிய விஷயம் இது. பிராகாரத்துக்குத் தளம் போடும்போது பழைய தளத்தின்மேல் மண் நிரப்பி, அதன்மேல் கருங்கல் பலகையோ சிமெண்டோ போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தரை சில அங்குலம் ஏறுகிறது, ஒரு வரி மறைகிறது. குமுதம் தரையிலிருந்து நேராகத் தொடங்கினால் கீழே இரண்டு வரிகள் புதைந்துள்ளன என்று பொருள். அவற்றில் கல்வெட்டு இருந்தால் அதுவும் மண்ணுக்குள் போயிற்று. மழைநீரும் வெளியேற வழியின்றி அடியில் தேங்குகிறது. மணல் வீச்சுக் கருவியால் கல்லைச் சுத்தம் செய்த கோயில்களில் நேர்ந்தது இதைவிட மோசம். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய், யாளிகளின் கண்ணும் எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிவிட்டன. எனாமல் வண்ணம் அடித்த வரிகளும் அப்படித்தான், கல் மூச்சுவிட முடியாமல் உரியத் தொடங்கும். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குகிறது என்று தெரிந்தால், வேலை ஆரம்பிக்கும் முன்பே நான்கு பக்கத்து அடிவரிகளையும் மூலைக்கு மூலை படமெடுத்து வையுங்கள். தரையைத் தாழ்த்திப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று திருப்பணிக் குழுவிடமும் ஸ்தபதியிடமும் கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அவர்களும் யோசிப்பார்கள்.

வரைந்து பார்ப்பது எல்லாவற்றையும்விட நன்றாகக் கற்றுக்கொடுக்கும். ஓவியம் தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டு, பென்சில், அளவுநாடா, நூலில் கட்டிய ஒரு சிறு குண்டு போதும். பட்டிகையின் முன்விளிம்புக்கு நேராகக் கல்லில் படாமல் நூலைத் தொங்கவிட்டு, அந்த நூலிலிருந்து ஒவ்வொரு வரியும் எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து குறியுங்கள். ஒவ்வொரு வரியின் உயரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து புள்ளிகளை இணைத்தால் அதிட்டானத்தின் பக்கவெட்டுத் தோற்றம் தாளில் வந்துவிடும். அடுத்த ஊரின் கோயிலையும் அதே அளவுகோலில் வரைந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சிற்பிக்குக் குமுதம் தடித்திருக்க வேண்டும், இன்னொருவருக்குக் கண்டம் ஆழமாக இருக்க வேண்டும். அவரவர் விருப்பம் கோட்டில் தெரிந்துவிடும்.

முதல் பயணத்துக்குக் காவிரிப் பக்கம் போங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டையை ஒட்டிய பசுபதிகோயிலில், புள்ளமங்கை ஆலந்துறையார் கோயில் இருக்கிறது. முற்சோழர் காலத்தது, சிறியது. அடிவரிகளில் கையளவுச் சிற்பங்களாக இராமாயணக் காட்சிகள் உள்ளன. கோட்டத்துச் சிற்பங்களைப் பார்த்து மயங்கிப் போகிறவர்கள் காலடியில் இருக்கும் இந்தச் சிறுசிற்பங்களைத் தவறவிடுவார்கள். கும்பகோணம் நாகேசுவரர் கோயிலிலும் அடிவரியில் இராமாயணம் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. அங்கிருந்து தாராசுரம் பக்கம்தான். ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார்களின் வரலாறு வரிசையாக ஓடுகிறது, பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. தரையில் உட்கார்ந்து, ஒரு சிற்பத்தைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்து போங்கள். கூட்டமில்லாத வார நாளின் காலையாக இருந்தால் யாரும் உங்களை எழச் சொல்ல மாட்டார்கள்.